ஜி-2 சாரின் பங்கு

ஃப்ளாட்டில் குடியேறிய ஆறே மாதத்தில் மனிதருக்குப் பெயர் உதிர்ந்து, கதவு எண் முளைத்துவிடும். எங்கள் ஜி-2 சாருக்கும் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் பாக்கிப் பட்டியலில் அவர் எப்போதும் ஜி-2தான்.

நங்கநல்லூரில் எட்டு வீடு கொண்ட கட்டடம் எங்களுடையது. வேறு யாரும் ஏமாறாததால் நான் செகரட்டரி.

ஜி-2 சாரைக் கஞ்சன் என்று சொன்னால் அது கஞ்சர்களுக்குச் செய்யும் அநியாயம். கஞ்சன் காசில்லை என்பான். இவரோ காரணம் வைத்திருப்பார். லிஃப்ட் பழுதா? "நான் கிரவுண்ட் ஃப்ளோர் சார்." மோட்டார் காயில் எரிந்ததா? "நாங்க கேன் தண்ணிதானே குடிக்கிறோம்!" குளிப்பதும் கேன் தண்ணீரிலா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

போன ஐப்பசியில் மொட்டை மாடி ஒழுக ஆரம்பித்தது. தட்டோட்டின் இணைப்புகள் விட்டுப்போய், அடியிலிருந்த ஜல்லிச் சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்து, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் துருப்பிடித்துவிட்டது. துருப்பிடித்த கம்பி உப்பும். உப்பினால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். எஸ்-2 மாமியின் சாம்பாருக்குள் ஒரு கைப்பிடி சிமென்ட் விழுந்த அன்றுதான் எங்களுக்கு இந்த விஞ்ஞானம் புரிந்தது.

மொட்டை மாடியிலேயே கூட்டம் போட்டோம். செலவு ஒன்றரை லட்சம், வீட்டுக்கு ரூ.18,750. ஜி-2 சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கொட்டேஷனை விரலால் தடவித் தடவிக் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாக இருந்ததில் அவருக்கு வருத்தம்.

"மாடி யாரு தலைக்கு மேல இருக்கு? எஸ்-1, எஸ்-2, எஸ்-3. நனையறவங்க குடை பிடிக்கட்டும் சார். என் தலைக்கு மேல எஃப்-2 வீட்டு ஹால்தான் இருக்கு."

சொல்லிவிட்டு இரண்டு பஜ்ஜி சாப்பிட்டார். வீட்டுக்கு இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டார். பஜ்ஜி சங்கச் செலவு. அதில் அவருக்குப் பங்கு உண்டு.

பங்கு என்றதும் சொல்ல வேண்டும். பிரிபடாத மனைப்பங்கு, அதாவது யூ.டி.எஸ்., தனக்கு எத்தனை சதுர அடி என்பதை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்டலாம் என்ற இடம் அவருக்கு மனப்பாடம். பொதுச் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லும் இடம் வந்தால் மட்டும் கண்ணாடி கிடைக்காது. இடித்தால் பங்கு, ஒழுகினால் பங்கில்லை!

ஏழு பேரும் எட்டாவது பங்கையும் சேர்த்துப் போட்டு வேலையை முடித்தோம். வக்கீல் நோட்டீஸ் விடலாம் என்றார் எஃப்-1. நோட்டீஸ் செலவில் ஜி-2வின் பங்கை யார் கொடுப்பது என்றார் எஃப்-3. கடைசியில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கரும்பலகையில் ஒரே வரி எழுதினேன்: 'மொட்டை மாடி பாக்கி: ஜி-2, ரூ.18,750.' நாலு மாதம் அதைத் தாண்டித்தான் அவர் பால் வாங்கப் போனார். பலகையை ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

"செகரட்டரி சார், நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்க. அந்தப் போர்டைக் கொஞ்சம்..."

"பணம் வந்ததும் நானே அழிச்சிடறேன் சார்."

அங்கேயே நின்று போனைத் தடவினார். என் போன் சிணுங்கியது. ரூ.18,700.

"அம்பது குறையுதே?"

"ரவுண்டு பண்ணிட்டேன்."

நான் ஈரத்துணியோடு இறங்கிப் போய்ப் பலகையைத் துடைத்தேன். கூடவே வந்தவர், கடைசி எழுத்தும் அழியும்வரை காத்திருந்து தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் கூடி வந்தா நிச்சயதார்த்தப் பந்தியை மொட்டை மாடியிலயே போட்டுடலாம்னு இருக்கேன். யாரையும் கேக்க வேண்டாமில்ல? பொது இடம்தானே சார்!"