ஆணுக்குள் ஒரு முட்டை

பாசார் மாலாமில் வாங்கிய சியாக்காப் ஆணா, பெண்ணா? எப்படித் தெரிந்துகொள்வது?
*வாசகி, செங், மலாக்கா*

எப்போது கேட்கிறீர்கள்? சியாக்காப் (தமிழ்நாட்டில் கொடுவா) ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும். கெராப்பு பெண்ணாகத் தொடங்கி ஆணாகும். ஜாதகம் பார்க்கிறவர் பாடு திண்டாட்டம்தான். உங்கள் அரைக் கிலோ மீனுக்கு அந்த யோசனை வருவதற்குள் குழம்பு கொதித்துவிடும்.

ஆண் மீன் ரத்தத்தில் முட்டைப் புரதம் தேடுகிறார்களாமே! வேறு வேலை இல்லையா?
*வாசகர், செங்*

அந்தப் புரதத்துக்கு ஆண் மீனிடம் வேலை இல்லை, அதனால்தான் தேடுகிறார்கள். பெயர் விட்டெல்லோஜெனின். ஈஸ்ட்ரோஜன் உத்தரவிட, பெண் மீனின் ஈரல் தயாரித்து ரத்தம் வழியாகச் சினைக்கு அனுப்பும் மஞ்சள்கருச் சரக்கு. ஆணின் ஈரலுக்கும் தயாரிக்கத் தெரியும், உத்தரவுதான் வராது. கழிவுநீரோடு கருத்தடை மாத்திரையின் மிச்சம் ஆற்றில் கலந்தால் வந்துவிடும்! துளி ரத்தம் போதும், எதிர்ப்பொருளை விட்டுப் புரதத்தைத் தேடும் எலைசா சோதனை நானோகிராம் அளவைக்கூடப் பிடித்துவிடும். கிளினிக்கில் தரும் கர்ப்பச் சோதனைக் குச்சிக்கும் இதே எதிர்ப்பொருள் உத்திதான்.

சிரிப்பை இங்கே நிறுத்திக்கொள்வோம். கனடாவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை மாத்திரை ஹார்மோனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் வேண்டுமென்றே கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களிடம் இந்தப் புரதம் ஏறியது. ஒரு சிறு மீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றே போனது.

மலாக்கா ஆற்று மீனுக்கும் இதைச் செய்து பார்க்கலாமே?
*அதே வாசகர்*

தாராளமாக. ஆனால் கெண்டைக்கென்று செய்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் கெளுத்தியைக் கண்டுகொள்ளாது. மீன் பிடிக்கத் தூண்டில் போதும். அந்தந்த மீனுக்கு ஏற்ற கிட்டைப் பிடிப்பதுதான் பாடு.