அன்றும் வெளுத்தது, இன்றும் வெளுக்கிறது

1987இல் ரொறன்ரோவுக்கு வந்த என்னைப் போன்றவர்கள் இந்த நகரத்து உயர்ந்த கட்டடங்களின் உட்புறத்தை முதலில் இரவில்தான் பார்த்தோம். அலுவலகக்காரர்கள் வீடு போன பிறகு எங்களுக்குக் கதவு திறக்கும். குப்பைக் கூடைகளைக் கொட்டி, கழிவறைகளைக் கழுவி, நிலம் துடைத்து, விடிவதற்குள் வெளியேறிவிட வேண்டும். எங்களுக்கு மேற்பார்வை ஒரு போர்த்துக்கேய அம்மா. அவருக்கும் ஆங்கிலம் குறைவு, எங்களுக்கும் குறைவு. ஆகவே வேலையை மூக்கால் கற்பித்தார். கழுவி முடித்த அறைக்குள் நின்று மூச்சை நன்றாக இழுப்பார். கண் எரிந்தால் சரி. எரியாவிட்டால் போத்தலைக் காட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார். நல்ல மனுசி. எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து பகிர்ந்தவர். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று பெரிய கலன்களில் திரவங்கள் இருக்கும். மேலே ஓர் இலக்கம், அவ்வளவுதான். கையுறை சில இரவுகளில் இருக்கும், சில இரவுகளில் இராது. விரல் நுனிகளில் தோல் உரிந்தது. குளிர்காலம் முழுக்க இருமினோம். குளிர் தேசத்துக்குப் புதிது, உடம்பு பழகவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

எங்களோடு வேலை செய்த ஓர் அண்ணை வடமராட்சியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவர். 1988 ஒக்ரோபர் கடைசியில் கனடா முழுவதும் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலைத்தலத்தில் பாவிக்கும் ஆபத்தான பொருள் ஒவ்வொன்றுக்கும் விபரத்தாள் இருக்க வேண்டும், அது தொழிலாளியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். எல்லோரும் அதை 'விமிஸ்' என்றே சொல்வோம். எங்கள் பொருள் அறையிலும் ஒரு தடித்த கோப்பு வந்து தொங்கியது. தேநீர் வேளையில் அண்ணை அதை எடுத்து வைத்து, முன்பு வகுப்பில் வாசித்த மாதிரியே வாசிப்பார்.

"தம்பி, இது கண்ணுக்குப் பட்டால் என்ன செய்யவேணும் எண்டு எழுதியிருக்கு. ஏரிக்குப் போனால் என்ன செய்யும் எண்டு எழுதேல்லை. நாங்கள் ஊத்திறது முழுக்க அங்கைதானே போகுது" என்றார் ஒரு நாள்.

அந்தக் கேள்வியை நான் இன்றுவரை விடவில்லை. நகரத்தின் நடுப்பகுதியில் கழிவுக் குழாயில் விடும் தண்ணீர் அஷ்பிரிட்ஜஸ் பே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கு. ரொறன்ரோ குடிப்பதும் அதே ஏரியைத்தான். அக்காலத்துத் தொழில்முறைத் துப்புரவுத் திரவங்களில் நொனைல்பீனோல் எதொக்சிலேற் என்ற வகை பரவலாக இருந்தது. எண்ணெயையும் அழுக்கையும் தண்ணீரோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போவதில் கெட்டிக்காரச் சாமான், மலிவும்கூட. சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் அதைக் கடித்துக் குறைக்கும்போது கடைசியில் மிஞ்சுவது நொனைல்பீனோல். மூலப் பொருளைவிட அதன் நச்சுத்தன்மை கூடியது. மீனின் உடலுக்குள் பெண் ஹோர்மோன் போல நடிக்கக் கூடியது. சுத்தம் செய்யும் இடத்திலேயே அது இன்னும் கெட்டதாக மாறியது. கண் எரிகிறதா என்று பார்த்துச் சுத்தத்தை அளந்த எங்களில் யாருக்கும் இது அப்போது தெரியாது.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2001இல் கனடிய அரசு அந்த வகை முழுவதையும் ஆராய்ந்து நச்சுப்பொருள் என்று முடிவு செய்தது. 2004 டிசம்பரில் சவர்க்காரமும் துப்புரவுப் பொருளும் தயாரிக்கிற, இறக்குமதி செய்கிற கம்பனிகளுக்கு ஓர் அறிவித்தல் போனது. மாசைத் தடுக்கத் திட்டம் போடுங்கள், 2010க்குள் இந்தப் பொருளின் பாவனையை 95 வீதம் குறையுங்கள் என்று அது கேட்டது. குறைந்தது. குழாயின் வாயில் புதிய இயந்திரம் பூட்டியல்ல, போத்தலுக்குள் ஊற்றுவதை மாற்றியே குறைந்தது. இன்றிரவு அதே கட்டடங்களைத் துடைக்கிற நேபாளத்துப் பெண்ணுக்கோ பிலிப்பைன்ஸ் இளைஞனுக்கோ அந்தப் பெயர் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. பொதுநலச் சட்டம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன இருக்க முடியும்?

இந்த வழி கனடாவுக்குப் புதிதல்ல. அறுபதுகளில் ஈரி ஏரி பாசியால் மூடி நாறியது. ஏரி செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. உடுப்புத் தோய்க்கும் தூளில் இருந்த பொஸ்பேற் அதற்கு ஒரு முக்கிய காரணம். 1970இல் கனடா அந்தத் தூளின் பொஸ்பேற் அளவுக்கு வரம்பு வைத்தது, 1973இல் வரம்பை இன்னும் இறுக்கியது. உடுப்பு வெளுக்காது என்று தூள்காரர்கள் பயமுறுத்தினார்கள். வெளுத்தது. 2010 ஜூலையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூளுக்கும் சேர்த்து வரம்பு 0.5 வீதப் பொஸ்பரஸ் ஆயிற்று. அப்போதும் முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் வீட்டுக் கோப்பைகள் மினுங்கத்தான் செய்கின்றன. ஈரி ஏரியில் இப்போது மறுபடி பாசி படர்வதற்கு வயல்களிலிருந்து வழியும் உரம் பெரிய காரணம். அது தீராத இன்னொரு வழக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சனம் ஸ்காபரோவில் வீடு வாங்கத் தொடங்கியது. வீட்டோடு புல்தரையும் வந்தது. மஞ்சள் டான்டிலையன் பூ ஒன்று தலைகாட்டினால் அயலவர் முகம் சுளிப்பார். வசந்தத்தில் மருந்தடிக்கும் வண்டி வரும், ஒருவர் குழாயை இழுத்துக்கொண்டு இறங்குவார், அடித்து முடித்ததும் ஓர் எச்சரிக்கைப் பலகையைக் குத்திவிட்டுப் போவார். பிள்ளைகளைப் புல்லில் விடாதே என்று அது சொல்லும். பிள்ளைகள் விளையாடத்தானே அந்தப் புல்!

மருந்தடிக்கும் ஆட்கள் எங்களுக்குப் புதியவர்களல்ல. கிளிநொச்சியில் நான் சிறுவனாக இருந்தபோது மலேரியாக்காரர் வருவார்கள். வீட்டுச் சாமான்களை முற்றத்துக்கு எடுத்து வைப்போம். சுவரெல்லாம் டி.டி.ரி. அடிப்பார்கள். காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்திருக்கும். நாங்கள் விரலால் கோடு கீறி விளையாடுவோம். அம்மம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பா. இதை இன்று கேட்பவர்கள் அம்மம்மாவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளிகள்தான் பதிவானார்கள். மருந்தடிப்பதைத் தளர்த்திய பிறகு 1969இல் அது ஐந்து லட்சத்தைத் தாண்டியது. காய்ச்சலில் நடுங்கிய பிள்ளைகளைக் கண்ட அம்மம்மாவின் தேத்தண்ணி நியாயமானது. நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகிவிட்டது, எழுபதுகளில் நாடு அதைக் கைவிட்டது, வேறு வழிகளையும் கண்டது. 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அங்கே உயிரைக் காக்க அடித்தார்கள். இங்கே ஒரு மஞ்சள் பூவுக்காக அடித்தோம். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

கியூபெக்கில் ஹட்சன் என்று ஒரு சிறிய ஊர். ஜூன் இர்வின் என்ற தோல் வைத்தியர் தன் நோயாளிகளின் உடல்நிலைக்கும் புல்தரை மருந்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஊர்ச் சபைக்குத் திரும்பத் திரும்பப் போய்ச் சொன்னார். 1991இல் சபை அழகுக்காக மருந்தடிப்பதைத் தடை செய்தது. இரண்டு மருந்தடிக்கும் கம்பனிகள் வழக்குப் போட்டன. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 2001இல் ஊர் வென்றது. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு ரொறன்ரோ மாநகர சபை 2003இல் தன் சட்டத்தை நிறைவேற்றியது. 2004 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 2009 ஏப்ரல் 22 முதல் ஒன்ராறியோ மாகாணம் முழுவதும் தடை. 250க்கு மேற்பட்ட பொருட்கள் கடைத் தட்டுகளிலிருந்து இறங்கின. மாகாண அரசு நகர ஓடைகளில் தண்ணீர் எடுத்து, தடைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தது. புல்தரைக்கு அதிகம் அடித்த 2,4-டி என்ற களைக்கொல்லி 80 வீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஒரு வருடத்துக்குள் நடந்த மாற்றம் அது. ஸ்காபரோவின் ஹைலண்ட் ஓடைப் பக்கம் போகிற ஒவ்வொரு முறையும் அந்த எண் எனக்கு நினைவு வரும். தெருவோரக் கம்பிச் சல்லடைக்குள் விழும் மழைநீர் ஸ்காபரோவில் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையம் எதையும் காணாமல் நேரே இப்படியான ஓடைகளுக்கே வந்து சேர்கிறது.

இப்போது எங்கள் தெருவில் டான்டிலையன் தாராளமாகப் பூக்கிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. வீட்டுப் பின்வளவில் கத்தரியும் கீரையும் பாகலும் போடுகிறார்கள். முருங்கையைச் சாடியில் வளர்த்து, குளிருக்கு உள்ளே தூக்குகிறார்கள்.

பழைய காலம் தூய்மையாக இருந்தது, சாம்பலும் சீயாக்காயும் போதும் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். கண்ணுக்குத் தீட்டிய சில மைகளில் ஈயம் இருந்தது. இன்றும் தெற்காசியக் கடைகளில் மூலிகை என்று எழுதிய பெட்டிக்குள் பாதரசம் சேர்த்த முகவெள்ளைப் பூச்சு அகப்படுகிறது. கனடிய சுகாதாரத் திணைக்களம் பல முறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் பூசியவளோடு நிற்பதில்லை. துவாயில் ஒட்டும், வீட்டுக் காற்றில் ஆவியாகும், தவழ்கிற பிள்ளையின் கைக்கு வரும், முகம் கழுவினால் குழாய் வழியே அதே ஏரிக்குப் போகும். நிறம் வெளுக்க வேண்டும் என்ற ஆசைக்கு இவ்வளவு விலையா? இதைப் பற்றி எங்கள் வானொலிகளும் கோயில் மண்டபங்களும் உரக்கப் பேச வேண்டும். கடைக்காரரிடம் நேரே கேட்கவும் வேண்டும்.

சட்டம் ஒரு முறை வந்தால் நிலைத்து நிற்கும் என்றும் எண்ண முடியாது. ரொறன்ரோ சபை 2008இல் ஒரு துணைச் சட்டம் கொண்டுவந்தது. உடுப்பு வெளுக்கும் கடை முதல் தொழிற்சாலை வரை, 25 பொருட்களைக் குறித்த அளவுக்கு மேல் பாவிப்பவர்களோ வெளியிடுபவர்களோ அதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்பது அது. அடுத்த ஆண்டே ஒன்ராறியோவும் நச்சுப்பொருள் குறைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தொழிற்சாலைகள் தாங்கள் பாவிக்கும் நச்சைக் கணக்கெடுத்து, குறைக்கத் திட்டம் எழுத வேண்டும். தொழிலுக்குச் சுமை என்று சொல்லி, 2021 இறுதியோடு அந்த மாகாணச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். அதை நான் பின்னடைவு என்றே சொல்வேன். அந்தச் செய்தி தமிழ்ப் பத்திரிகை எதிலும் என் கண்ணில் படவில்லை.

ஒன்றைத் தடுத்தால் அதன் சகோதரம் வந்து குந்துவதும் உண்டு. பிஸ்பீனோல் ஏ கலந்த பால் போத்தல்களை 2010இல் கனடா தடை செய்தது; உலகிலேயே முதலில் அதற்கு எதிராக எழுந்த நாடு இதுதான். வேறு சில சாமான்களில், குறிப்பாகக் கடைப் பற்றுச்சீட்டுத் தாளில், அதன் இடத்தில் பிஸ்பீனோல் எஸ் வந்தது. அதுவும் ஹோர்மோனோடு விளையாடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே பெயர் பெயராகத் துரத்துவது போதாது, உள்ளே இருப்பது முழுவதும் வெளியே தெரிய வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பொறுக்க முடியாத ஒரு விடயம் இருக்கிறது. 1988இல் இரவுத் தொழிலாளிகளான எங்களுக்கு அந்தத் தடித்த கோப்பு கிடைத்தது. வீட்டுப் பாவனைக்குக் கடையில் விற்கும் போத்தலுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. வீட்டுப் போத்தலில் மண்டையோடும் தீயும் போட்ட அடையாளங்கள் இருக்கும். குடித்தால், தோலில் பட்டால், தீப்பற்றினால் வரும் ஆபத்தை அவை சொல்லும். முழுச் சேர்மானப் பட்டியலை அச்சிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஷாம்பு போத்தலில் 2006இலிருந்து பட்டியல் இருக்கிறது, கழிவறைத் திரவத்தில் இல்லை. கலிபோர்னியா மாநிலம் 2017இலேயே துப்புரவுப் பொருட்களுக்கு இதைச் சட்டமாக்கிவிட்டது. எங்கள் அண்ணை அன்று கோப்பில் படித்த அளவுக்குக்கூட, இன்று அவருடைய பேரப்பிள்ளைகளின் குசினியில் படிக்க எதுவும் இல்லை.

2023இல் திருத்திய கனடியச் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் ஆரோக்கியமான சுற்றாடலுக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. உரிமை இருப்பவர் கேட்கலாம். தேர்தல் காலத்தில் கதவு தட்டுகிறவர்களிடம், குறிப்பாக எங்கள் சொந்த மொழியில் வணக்கம் சொல்லி வாக்குக் கேட்கிறவர்களிடம், இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வீட்டுத் துப்புரவுப் பொருட்களில் முழுச் சேர்மானப் பட்டியலைக் கட்டாயமாக்க நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா? ஒன்ராறியோ நீக்கிய நச்சுப்பொருள் குறைப்புச் சட்டத்தை மீட்க உங்கள் கட்சி என்ன செய்யும்? பதில் வரும்வரை கதவைச் சாத்தாதீர்கள்.