மருமவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்

"ஜாஸ்காரனுவ நல்ல நாடகப் பாட்டையெல்லாம் கெடுத்துப்புட்டானுவ, மாமா"ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையுதியே மருமவனே, நியாயம் உன் பக்கந்தான். மூலம்னா மூலந்தான். அதுல எவனும் கை வைக்கப்படாது.

இந்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டையே எடுத்துக்கோ. ராட்ஜர்ஸ் மெட்டு, ஹாமர்ஸ்டைன் வரி. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்துல மரியாங்கிற பிள்ளை தனக்குப் பிடிச்ச சாமானையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாடுதா. ஒரு வெத்தலை போட்டு முடிக்கதுக்குள்ள பாட்டும் முடிஞ்சிரும். 1960 அக்டோபர்ல ஜான் கோல்ட்ரேன்னு ஒருத்தன் சோப்ரானோ சாக்ஸபோனும் கையுமா நியூயார்க்குல ஒரு ஸ்டுடியோவுக்குள்ள போனான். வெளிய வந்த பாட்டு பதிமூணு நிமிசத்துக்கும் மேல! மூணெண்ணிக்கைத் தாளத்த மட்டும் விட்டு வச்சான். மக்காய் டைனர் பியானோவுல ரெண்டு கார்டைத் திருப்பித் திருப்பித் தட்டிக்கிட்டே இருக்கான். நம்மூர்க் கொடையில ஒத்து ஊதுதவன் அசையாம நிக்க, நாயனக்காரர் தெருத்தெருவாச் சுத்திட்டு வருவாருல்லா, அந்தத் தினுசுல இவன் அதுமேல ஏறிப் போறான். வரி ஒண்ணுகூடக் கிடையாது. பிடிச்ச சாமான் என்னென்னன்னு ஒருத்தனும் சொல்லலை. அக்கிரமந்தானே? பின்னால பெத்த பிள்ளைக்கு ரவிசங்கர் பேரை எடுத்து ரவின்னு வச்ச ஆளு அவன். நம்ம பக்கத்துச் சங்கீதத்துல அவனுக்கு அம்புட்டு ஆசை.

சரி, நீ மூலம் மூலம்னு கும்பிடுதியே, அது எது? இடிச்சத்தத்துக்குப் பயந்து பிள்ளைய கட்டில்ல வந்து விழ, ஜூலி ஆண்ட்ரூஸ் பாடுதாளே, அதுதானே? அந்தப் படம் வந்தது 1965-ல. கோல்ட்ரேன் இசைத்தட்டு 1961-லயே கடைக்கு வந்துட்டு. நாடகம் பிராட்வேயில மேடையேறினது 1959-ல. அங்க இந்தப் பாட்டை மரியா மடத்துத் தாயாரு கூட நின்னு பாடுதா. இடியுமில்ல, கட்டிலுமில்ல. இடத்தையே மாத்தின படக்காரன் மேல உனக்குக் கோவம் வரலை பாரு, அங்கதான்டே நீ பெரிய மனுசன்.

'மை ஃபேர் லேடி' கதை இதைவிட மோசம். நாடகம் மேடையேறின அதே 1956-லயே ஷெல்லி மான்ங்கிற டிரம்ஸ்காரன், பியானோவுக்கு ஆந்த்ரே ப்ரெவின், பாஸுக்கு லெராய் வின்னகர்னு மூணே பேரா உக்காந்து அந்தப் பாட்டுகளை வாசிச்சுத் தட்டாப் போட்டானுவ. பாட ஒரு ஆளு கிடையாது. கேக்கவன் காறித் துப்பியிருக்கணும். வெக்கங்கெட்ட சனம் வாங்கிக் குவிச்சிட்டு. அப்புறம் 1964-ல அந்த நாடகத்தைப் படமா எடுத்தப்போ இசையப் பாத்துக்கிட்டது யாருங்கே? அதே ப்ரெவின்தான். ஆஸ்கர் வேற குடுத்தானுவ. நீ அங்க இருந்திருந்தா தடுத்திருப்பே.

1939-ல 'வெரி வார்ம் ஃபார் மே'ன்னு ஒரு நாடகம். 59 ஆட்டத்தோட மூட்டை கட்டிட்டான். அதுல இருந்த 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' பாட்டை மட்டும் ஜாஸ்காரனுவ இன்னும் விடாம வாசிக்கானுவ. உனக்கு மூலந்தான் வேணும்னா அந்த நாடகத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வா, நான் வேண்டாங்கலை.

எல்லாத்தையும் மிஞ்சினவ எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு. 'மேக் தி நைஃப்' 1928-ல பெர்லின்ல மேடையேறின நாடகத்துப் பாட்டு. 1960-ல அதே ஊருக்கே போயி, கச்சேரியில அதைப் பாடும்போது பாதியில வரி மறந்து போச்சு. எறங்கி ஓடினாளா? மறந்துட்டேங்கிறதையே மெட்டுக்குள்ள வச்சுப் பாடிட்டு, லூயி ஆம்ஸ்ட்ராங் கரகரத் தொண்டையையும் இழுத்துவிட்டு முடிச்சா. அதுக்குக் கிராமி விருது குடுத்திருக்கானுவ, மருமவனே!

வாற மாசம் நீயும் கல்யாண வீட்டுல மைக்கைப் பிடிக்கப் போறியாமே, உங்கக்கா சொன்னா. தாளைப் பாத்தே பாடு. வரி விட்டுப் போச்சுன்னா கும்பிடு போட்டுட்டு எறங்கிரு. அந்தம்மா மாதிரி சமாளிக்கலாம்னு மட்டும் நெனச்சிராத. அதுக்கு மொதல்ல பாட்டு தெரிஞ்சிருக்கணும்லா.