ஆவூரில் 'ஆவன': ஓர் இலக்கண ஆராய்ச்சி

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை வட்டத்து ஆவூர், பசுவால் பெயர் பெற்றது என்பார்கள். ஆ என்றால் பசு. யாம் மறுக்கிறோம். 'ஆவன செய்யப்படும்' என்பதில் உள்ள ஆவனவே இவ்வூர்ப் பெயருக்கு மூலம் என்பது எம் துணிபு. சான்று இல்லை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் அது என்றைக்கும் ஒரு தடையாக இருந்ததில்லை.

எந்த ஊர்க் கிராம சபையிலும் இத்தொடர் பிறப்பதைக் கண்ணால் காணலாம். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, நூறு நாள் வேலை அட்டையோடு பெண்கள். ஒரு பாட்டி எழுந்து, "ஏம்ப்பா, குழாயில காத்துதான் வருது, தண்ணி எப்ப வரும்?" என்கிறாள். செயலர் தலை நிமிராமல் எழுதுகிறார்: 'குடிநீர் தொடர்பாக ஆவன செய்ய ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' பாட்டி கேட்ட 'எப்ப' இதில் இல்லை. செய்பவரும் இல்லை. செயப்பாட்டுவினையில் செய்பவர் 'ஆல்' உருபேற்று வரவேண்டும் என்று பள்ளியில் படித்தோம். இங்கே 'இன்னாரால்' என்பது மறைந்தே வரும். பலனும் கூடவே மறையும். ஆகவே இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

பழங்காலத்தார் இத்தொகையை அறியார். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை விதிகளைச் சொல்லும்போது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை உறவினரோடு சேர்த்து விலக்குகின்றன. சபை பணிக்க எழுதிய மத்தியஸ்தரும் 'எழுதினேன்' என்று தன்மை ஒருமையில் தன் பெயரோடு முடிக்கிறார். என்ன துணிச்சல்!

பாட்டியின் 'எப்ப' தொலைந்துபோகும் காலக் குழப்பத்துக்கும் ஆவூரில் முன்மாதிரி உண்டு. இங்குள்ள பழைய தேவாலயத்தை பூசே பாதிரியார் 1547இல் கட்டியதாகச் சுற்றுலாக் குறிப்புகள் சொல்கின்றன. அவர் பிறந்ததே 1655இல். கட்டுகிறவர் பிறக்குமுன்பே பணி முடிந்ததாகப் பதிவாவது ஏட்டில் மட்டுமே கூடும். ஊராட்சி ஏடுகளோடு பழகியவர்கள் இதில் வியக்கமாட்டார்கள்.

மறைந்த எழுவாயைத் தேடி யாம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ், இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். மக்கள்தொகைக்கேற்ப 50 முதல் 300 பேர் வரை வந்தால்தான் கூட்டம் செல்லும். அத்தனை பேரும் கையெழுத்திடுகிறார்கள். பலர் டீ வருமுன்பே, தீர்மானம் எழுதப்படுமுன்பே. ஏகமனது என்பது இதுதான்.

புதுக்கோட்டை உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். தொகை இன்னும் இறுகிற்று. ஆவூர்க்காரர்களே, அடுத்த கூட்டத்தில் பேனாவைக் கையில் வாங்குமுன், 'யாரால்?' என்ற ஒரு சொல்லை எழுதச் சொல்லுங்கள்.