பதிவேட்டு விசுவாசிகள்

ஒல்லாந்தர் காலத்தில் தீவகத்தார் பெருந்தொகையாய் மேசியாவை ஏற்றார்களாமே. பிறகு அவர்கள் எங்கே போனார்கள், ஐயா?

எங்கும் போகவில்லை, அவரவர் வீட்டுத் திண்ணையிலேதான் இருந்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தம் நகரங்களின் நாமங்களைச் சூட்டிய அதே உற்சாகத்தோடு ஜனங்களுக்கும் ஞானஸ்நானம் வழங்கி, விவாகமும் உத்தியோகமும் தேவாலயப் பதிவேட்டைச் சார்ந்தே நிற்கும்படி செய்த ஒல்லாந்தக் கும்பினியாரின் ஆதிபத்தியம் 1795இல் முடிந்ததும், பதிவேட்டில் நின்ற விசுவாசிகளுள் பெரும்பாலோர் பழைய கோயில் வீதிக்கே திரும்பினர். டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் திரும்பாமல் இன்றும் நெடுந்தீவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது!

அப்படியானால் மேசியாவை மறுத்துவிட்டார்கள் என்று சொல்லலாமா?

மறுப்பதற்கு முன் ஒருவனிடம் ‘சம்மதமா?’ என்று கேட்கவேண்டாமோ? அவர்களிடம் கேட்டது யார்? கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டிருந்த அந்நாளில், 1687இல் கோவாவிலிருந்து யாசகர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்த யோசேப் வாஸ் அடிகளை இரகசியமாய்ச் சூழ்ந்துகொண்டவர்களுக்கு உத்தியோகம் கிடைக்கவில்லை; சிறையும் தண்டமுமே கிடைத்தன. ஏற்றவர்களின் கணக்கை அங்கிருந்து தொடங்குக.