போருக்குப் போகாமலே தேசபக்தராவது எப்படி?

தம்பி, உனக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. பிறந்த நாடு அமெரிக்கா. நடப்பது 1960களின் பிற்பாதி. வியட்நாம் உலகப்படத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஆனால் அங்கே ஆள் அனுப்புகிறவர்களுக்கு உன் வீட்டு முகவரி தெரியும். பதறாதே. இந்தக் கையேட்டில் சொன்னபடி நடந்தால் காயம் படாமல் கிழவனாகலாம், விழா மேடைகளில் கொடியைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து நிற்கலாம், யோகம் இருந்தால் ஒரு போரை நீயே தொடங்கியும் வைக்கலாம்.

தேவையானவை:

வசதியான அப்பா ஒருவர். கல்லூரியில் ஓர் இடம். கடிதம் எழுதித் தரத் தயங்காத குடும்ப மருத்துவர் ஒருவர். ஊர்ப் பெரிய மனிதர்களில் இரண்டு மூன்று பேருடைய பழக்கம். இவற்றில் ஒன்றுமே இல்லாதவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். இல்லையென்றால் வியட்நாமுக்கு.

1. முன்னோர் வழியைத் தெரிந்துகொள்

ஏதோ நீதான் முதன்முதலாக நழுவப் பார்க்கிறாய் என்று கூச்சப்படாதே. உள்நாட்டுப் போர் நடந்த 1863இல் வடக்கு மாநிலங்களில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் அந்த முறைக்கு விலக்கு. அல்லது உனக்குப் பதிலாக இன்னொருவனைக் கூலிக்குப் பிடித்து அனுப்பலாம். எல்லாம் சட்டப்படிதான், ரசீதோடு. 300 டாலர் என்பது ஒரு சாதாரணத் தொழிலாளி ஏறக்குறைய வருடம் முழுக்க உழைத்துச் சம்பாதிக்கிற தொகை. அந்த ஜூலையில் நியூயார்க்கின் ஏழைகள் வெகுண்டு தெருவில் இறங்கினார்கள். கோபம் சட்டத்தின் மேல். அடித்துக் கொல்லப்பட்டவர்களில் பலர், சட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத கறுப்பின மக்கள்.

குரோவர் கிளீவ்லண்ட் என்ற இளம் வழக்கறிஞர் இந்தக் கலவரத்தில் எல்லாம் தலையிடவில்லை. தன் இடத்துக்குப் போக ஒரு குடியேறியை 150 டாலருக்குப் பேசி முடித்தார். பிற்பாடு இரண்டு முறை நாட்டின் அதிபரானார். செலவுக்கு வரவு எப்படி என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

2. படி, படித்துக்கொண்டே இரு

உன் காலத்தில் பணம் கட்டி விலகுவது அநாகரிகம். அதே வேலையைக் கல்லூரிக் கட்டணம் செய்துவிடுகிறது. மாணவனுக்கு ‘2-எஸ்’ என்ற பிரிவு உண்டு. அது இருக்கும்வரை யாரும் உன்னை அழைக்க முடியாது. ‘1-ஏ’ என்று அட்டை வந்தால்தான் ஆபத்து. யாருக்கு எந்தப் பிரிவு என்று தீர்மானிக்க நாடெங்கும் சுமார் நாலாயிரம் உள்ளூர் வாரியங்கள். உறுப்பினர்கள் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். உன் அப்பாவோடு கோல்ஃப் ஆடுகிறவர் அதில் ஒருவராக இருந்தால், அது கடவுள் சித்தம்.

படிப்பு தீரப்போகிறது என்றால் கல்யாணம், அதற்கும் அடுத்தது குழந்தை. டிக் சேனி இந்தத் துறையில் ஆசான். ஐந்து முறை ஒத்திவைப்பு வாங்கினார்: நான்கு படிப்புக்காக, ஒன்று தகப்பன் என்பதற்காக. குழந்தையில்லாத கணவர்களையும் இனி அழைக்கலாம் என்று 1965 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. சேனியின் மூத்த மகள் 1966 ஜூலையில் பிறந்தார். விரல்விட்டு எண்ணுகிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும். 1989இல் இதைப் பற்றிக் கேட்டபோது, அறுபதுகளில் தனக்கு ராணுவத்தைவிட முக்கியமான வேறு வேலைகள் இருந்தன என்றார். அந்த வருடமே அவர் பாதுகாப்பு அமைச்சர். 2003இல் ஈராக்குக்கு மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கிளம்பியபோது துணை அதிபர்.

3. வியாதியைத் தேர்ந்தெடு

இங்கே ஏராளமான ரகங்கள் உண்டு. பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தால் எடுக்கமாட்டார்கள் என்பதால், கோணாத பல்லுக்கும் கம்பி போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஜோ பைடனுக்கு ஐந்து மாணவ ஒத்திவைப்புகள், அதன்பின் 1968இல் ஆஸ்துமா. டொனால்ட் டிரம்புக்கு நான்கு மாணவ ஒத்திவைப்புகள், அதே 1968இல் குதிகாலில் எலும்பு முள். எந்தக் கட்சியும் மற்றதை ஏளனம் செய்ய முடியாதபடி வியாதிகள் சமமாகவே பங்கிடப்பட்டிருக்கின்றன.

நோய் வராத ஆரோக்கியசாலிகள் ஜேம்ஸ் ஃபாலோஸின் வாக்குமூலத்தைப் படிக்கலாம். ஹார்வர்டில் படித்த அவர், எடை குறையும்படி உடம்பை வாட்டிக்கொண்டு பாஸ்டன் கடற்படைத் தளத்துக்கு உடற்பரிசோதனைக்குப் போனார். தற்கொலை எண்ணம் உண்டு என்று மருத்துவரிடம் சொல்லித் தப்பினார். உடன் வந்த ஹார்வர்டு பையன்கள் பலர் கையில் மருத்துவர் கடிதங்கள். அவர்கள் முடித்துக் கிளம்பும் நேரத்தில் செல்சீ என்ற தொழிலாளர் பகுதியிலிருந்து அடுத்த பேருந்து வந்து நின்றது. இறங்கிய பையன்களிடம் கடிதம் எதுவும் இல்லை. கடிதம் என்று ஒன்று வாங்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஹார்வர்டு பேருந்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் விலக்கு பெற்றதும், செல்சீ பேருந்தில் அது தலைகீழாக நடந்ததும் 1975இல் அவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. இப்படி உண்மையை எழுதுவது இந்தக் கையேட்டின் விதிகளுக்கு முரணானது. நீ எழுதாதே.

4. சீருடை வேண்டுமா? உள்ளூரிலேயே கிடைக்கும்

வியாதி என்றால் பிற்பாடு தேர்தலில் கிண்டல் செய்வார்கள் என்று தோன்றினால் நேஷனல் கார்டு என்ற மாநிலப் படையில் சேர். சீருடையும் உண்டு, புகைப்படமும் உண்டு, வியட்நாம் மட்டும் அநேகமாக இல்லை. இதனாலேயே 1968 வாக்கில் காத்திருப்போர் பட்டியல் லட்சத்தை எட்டியது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் குடும்பப் பெயர் உதவும். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1968இல் டெக்சாஸ் விமானப் பிரிவில் சேர்ந்தார். டான் குவேல் 1969இல் இண்டியானாவில் சேர்ந்தார். ஒருவர் அதிபர், ஒருவர் துணை அதிபர்.

வியட்நாமுக்கு இரண்டு முறை போய்வந்த கோலின் பாவெல், 1995இல் வெளிவந்த தன் சுயசரிதையில் இந்த இடத்தில் கொதித்திருக்கிறார். செல்வாக்குள்ளவர்களின் பிள்ளைகளும் விளையாட்டு வீரர்களும் இப்படி இடம்பிடித்துக்கொண்டதை அவர் மன்னிக்கவில்லை. அந்தப் போர் செய்த கேடுகளில் இந்த வர்க்கபேதத்தையே பெரிதாகச் சொன்னார். பிறகு அதே புஷ்ஷுக்கு வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். கோபம் வேறு, உத்தியோகம் வேறு.

5. எக்காரணம் கொண்டும் வாய்விட்டு மறுக்காதே

புத்தி கெட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முகமது அலி 1967 ஏப்ரலில் ஹூஸ்டன் ஆள்சேர்ப்பு மையத்தில் பெயர் கூப்பிட்டபோது அடியெடுத்து வைக்க மறுத்தார். பட்டம் பறிபோனது, ஐந்து வருடச் சிறைத்தண்டனை, பத்தாயிரம் டாலர் அபராதம். உச்ச நீதிமன்றம் 1971இல் தண்டனையை ரத்து செய்தது. சிறைக்குப் போகவில்லை என்றாலும் குத்துச்சண்டைக்காரனின் உச்ச வயதில் மூன்றரை வருடம் கோதாவுக்கு வெளியே நின்றார். ஸ்டான்ஃபோர்டு மாணவர் தலைவராக இருந்த டேவிட் ஹாரிஸுக்கு மிகச் சுலபமாக விலக்கு கிடைத்திருக்கும். வேண்டாம் என்று சிறைக்கே போனார். பல்லுக்குக் கம்பி கட்டவேண்டியவர் ஜன்னல் கம்பியை எண்ணினார்.

தாமஸ் பென்னட் கதை இன்னும் மோசம். ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று மனச்சாட்சியின் பேரில் சொன்னவர், காயம்பட்டவர்களுக்கு மருந்து போடுகிறேன் என்று வியட்நாமுக்குப் போனார். 1969இல் அடிபட்ட தோழர்களைத் தூக்கப்போய் இறந்தார். நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் அவர் இறந்த பிறகு வந்தது.

கனடாவுக்குப் போனவர்களும் உண்டு. அவர்களுக்காக டொராண்டோவில் 1968இல் நிஜமாகவே ஒரு கையேடு அச்சாகி ஆயிரக்கணக்கில் விற்றது. அதை எழுதியவர்கள் நம்மைப்போல் இல்லை. வீட்டையும் நாட்டையும் இழக்க நேரிடும் என்று மறைக்காமல் சொன்னார்கள்.

இவர்களை முன்னாள் வீரர்கள் கொண்டாடினார்களா? எல்லோரும் இல்லை. 1974 ஆகஸ்டில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு சிகாகோவில் முன்னாள் போர்வீரர்கள் மாநாட்டுக்குப் போய், ஓடிப்போனவர்கள் திரும்பிவர ஒரு வழி செய்யப்போகிறேன் என்றார். அவரும் கடற்படையில் போர் பார்த்தவர்தான். அரங்கம் கைதட்டவில்லை. ஜிம்மி கார்ட்டர் பதவியேற்ற மறுநாளே, 1977 ஜனவரி 21 அன்று, ஆள்சேர்ப்பை மறுத்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு தந்தபோது வீரர் சங்கங்கள் பொங்கின. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களிலேயே நூற்றுக்கணக்கானோர் 1971 ஏப்ரலில் நாடாளுமன்றத்தின் முன்னால் தங்கள் பதக்கங்களை வீசியெறிந்திருந்தார்கள். போகமாட்டேன் என்று சொன்னவனின் காரணம் அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

இதில் நீ கவனிக்கவேண்டியது ஒன்றுதான். மன்னிப்பு கிடைத்தது மறுத்தவர்களுக்கு. ராணுவத்தில் சேர்ந்து, தாங்க முடியாமல் பாதியில் ஓடியவர்களுக்குக் கார்ட்டரின் மன்னிப்பு இல்லை. மருத்துவர் கடிதத்தோடு வீட்டில் இருந்தவர்களுக்கோ மன்னிப்பே தேவைப்படவில்லை. அவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லையே! இந்தக் கையேட்டின் மகிமை அதுதான்.

6. முன்னாள் வீரர்களைச் சமாளிக்கும் முறை

ஐம்பது வயதுக்குமேல் உனக்கு அரசியல் ஆசை வரும். அப்போது எதிரில் ஒரு முன்னாள் வீரர் நிற்பார். கலங்காதே, வரலாறு உன் பக்கம். 1992 முதல் 2008 வரை ஐந்து அதிபர் தேர்தல்களில் போர்க்களம் போய்வந்தவர் ஒவ்வொரு முறையும் தோற்றார்: மூத்த புஷ், பாப் டோல், அல் கோர், ஜான் கெர்ரி, ஜான் மெக்கெய்ன். வியட்நாமுக்குப் போன ஒருவர்கூட இன்றுவரை அதிபரானதில்லை. இளம் வயதில், ஆள்சேர்ப்பிலிருந்து தன்னைக் காப்பாற்றியதற்காக ஒரு கர்னலுக்கு நன்றிக்கடிதம் எழுதிய பில் கிளிண்டன் இரண்டு முறை ஆனார்.

எதிரி உடம்பில் காயத்தோடு வந்தால்? அதற்கும் வழியுண்டு. மேக்ஸ் கிளீலண்ட் வியட்நாமில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். 2002 செனட் தேர்தலில் ஜார்ஜியாவில் அவரை எதிர்த்து நின்ற சாக்ஸ்பி சாம்ப்ளிஸுக்கு அந்தக் காலத்தில் மாணவ ஒத்திவைப்பும் முழங்கால் கோளாறும் இருந்தன. பின்லேடனையும் சதாம் உசேனையும் காட்டி, நாட்டைக் காக்கும் துணிவு கிளீலண்டுக்கு உண்டா என்று கேட்கும் விளம்பரம் ஓடியது. முழங்கால் வென்றது. மெக்கெய்னும் சக் ஹேகலும் சாம்ப்ளிஸின் கட்சிக்காரர்கள். ஆனாலும் வியட்நாமில் அடிபட்டவர்கள் என்பதால், அந்த விளம்பரத்தைப் பார்த்துக் கட்சியை மறந்து சீறினார்கள். சீறினால் சீறட்டும், ஓட்டு எண்ணி முடிந்தாயிற்று.

சிலர் விடமாட்டார்கள். ஐந்தரை வருடம் போர்க்கைதியாக இருந்த மெக்கெய்ன், 2017இல் ஒரு பேட்டியில், குறைந்த வருமானக்காரர்களைப் போருக்கு இழுத்துக்கொண்டு போனோம், வசதியானவர்களோ எலும்பு முள் என்று சொல்ல ஒரு மருத்துவரைக் கண்டுபிடித்தார்கள் என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஈராக்கில் ஹெலிகாப்டர் ஓட்டி இரண்டு கால்களையும் இழந்த டாமி டக்வொர்த், 2018இல் செனட் அவையிலேயே டிரம்புக்கு ‘எலும்பு முள் கேடட்’ என்று பட்டம் சூட்டினார். இப்படிப்பட்டவர்களிடம் வாதாடாதே. அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள் சேவைக்கு நன்றி” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடு.

கடைசிப் பகுதி: ஒன்றுமே இல்லாதவர்களுக்கு

தேவையானவை எதுவும் இல்லாததால் நேரே இங்கு வந்துவிட்ட தம்பி, உன்னிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு வாரியமும் மாதாமாதம் இத்தனை பேர் என்று ஆள் அனுப்பியாக வேண்டும். ஒருவன் கழன்றுகொண்டால் கணக்கு குறையாது, வரிசையில் அடுத்தவன் முன்னால் நகர்வான். அந்த அடுத்தவன் நீ. முன்னாள் வீரர்களின் நெஞ்சில் நெடுநாள் புகைவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். வெளிப்படையாக மறுத்தவன் விலையைத் தானே கொடுத்தான். சத்தமில்லாமல் நழுவியவனின் விலையை முகம் தெரியாத வேறொருவன் கொடுத்தான்.

மேலே குதிகாலும் ஆஸ்துமாவும் பரிசீலிக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில், பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா 1966இல் ஒரு திட்டம் தொடங்கினார். தகுதித்தேர்வில் மதிப்பெண் போதாதென்று முன்பு திருப்பி அனுப்பப்பட்டிருக்கக் கூடியவர்களை இனி எடுத்துக்கொள்ளலாம். அதன்படி சுமார் மூன்றரை லட்சம் பேர் உள்ளே வந்தார்கள். படித்தவனுக்குப் படிப்பு விலக்கு தந்தது. படிக்காதவனுக்குப் படிக்காததுகூட விலக்கு தரவில்லை.

குலுக்கலும் வந்தது. 1969 டிசம்பர் 1 அன்று ஒரு கண்ணாடி ஜாடியில் பிறந்த தேதிகள் அடைத்த 366 நீலக் குப்பிகளைப் போட்டு, தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்க எடுத்தார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. அந்தப் பட்டியலில் 195 வரை எண் வாங்கியவர்களைக் கூப்பிட்டார்கள். கிளிண்டனின் எண் 311, டிரம்பின் எண் 356. அதிர்ஷ்டமும் எங்கே போகவேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறது.

கட்டாய ஆள்சேர்ப்பு 1973இல் நின்றது. அதற்குப் பிறகு விருப்பப்பட்டவர்களே போகிறார்கள். கொரியப் போரில் காயம்பட்ட, நியூயார்க்கின் ஹார்லம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் ரேஞ்சல் மட்டும் 2003இல், ஈராக் போருக்குச் சற்று முன்னால், அதை மறுபடி கொண்டுவர ஒரு மசோதா வைத்தார். ஆள் சேர்க்கும் ஆசையால் அல்ல. போருக்குக் கைதூக்குகிறவர்களின் வீட்டுப் பிள்ளையும் வரிசையில் நின்றால், தூக்குகிற கை கொஞ்சம் யோசிக்கும் என்பது அவர் வாதம். 2004 அக்டோபரில், விசாரணை எதுவும் இல்லாமல் எதிர்த்தரப்பு அதைத் திடீரென்று வாக்கெடுப்புக்கு இழுத்துத் தோற்கடித்தது. எதிர்த்து 402, ஆதரித்து 2. கோபத்தில் ரேஞ்சலே தன் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார்.

ஆகவே எல்லாத் தம்பிகளுக்கும் பொதுவான கடைசிக் குறிப்பு. வயதான வீரர் எவராவது கூட்டத்தில் எழுந்து, “உங்கள் வீட்டிலிருந்து யார் போகிறார்கள்?” என்று கேட்டால், உட்கார்ந்தபடி பதில் தேடாதே. சட்டென்று எழுந்து அவருக்காகப் பலமாகக் கைதட்டு. அரங்கமே சேர்ந்து தட்டும். அந்தச் சத்தத்தில் கேள்வி யாருக்கும் கேட்காது.