இடுப்புச் சாவி

ரகசியத்தைக் காப்பாற்றுவதில் எங்கள் ஊராருக்குள்ள சாமர்த்தியத்தைப் பற்றி அதிகம் பிரஸ்தாபிக்க வேண்டியதில்லை. கடலூரின் தேவனாம்பட்டினத்தில் காலை வேளையில், “உன்னோடு இருக்கட்டும்” என்ற எச்சரிக்கையுடன் ஒருவர் காதில் ஓதப்பட்ட சமாசாரம், உச்சிப் பொழுதுக்குள் திருப்பாதிரிப்புலியூர் வரை சென்று, அங்கே கைகால் முளைத்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அதே எச்சரிக்கையுடன் சொன்னவர் காதுக்கே திரும்பி வந்துவிடும். ஆனால் சாவி விஷயம் வேறு. என் பாட்டியார் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து, அவர் உறங்கும்போதும், சம்பந்தி வீட்டாரோடு சண்டையிடும்போதும், ஜுரத்தில் பிதற்றும்போதும்கூட இடம் பெயர்ந்ததில்லை. பேரன்மார் கெஞ்சியும், மருமகள்மார் சாடைமாடையாக முயன்றும், பலகாரம் வைத்திருந்த அறையின் சாவியை ஒருவரும் அடைந்ததில்லை. ரகசியத்தை நாம் வாயில் வைத்திருக்கிறோம், சாவியை இடுப்பில் வைத்திருக்கிறோம் என்பதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த உண்மையை அலட்சியம் செய்துவிட்டு, இணையத்தை உண்டாக்கிய மேதாவிகள், மனிதனுடைய அந்தரங்கம் அனைத்தையும் பாஸ்வேர்டு என்னும் ரகசியச் சொல் ஒன்றின் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். நம் கிருகஸ்தர்கள் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை: பேத்தியின் பெயர், அதன் வாலில் அவள் பிறந்த வருஷம். அதுவும் மறந்துபோகுமே என்ற முன்யோசனையால் காலண்டரின் ஓரத்தில் எழுதி, அந்தக் காலண்டரைக் கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைப்பதும் உண்டு. பிற்பாடு ஓ.டி.பி. என்னும் எண் ஒன்று கைபேசிக்கு வரலாயிற்று. அதை எவரிடமும் சொல்லாதே என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்தது. அந்த வாசகத்துக்கு நம்மிடம் வழக்கமாக நேரும் கதிதான் அங்கும் நேர்ந்தது. பணிவான குரலில், “சார், பேங்க்கிலிருந்து பேசுகிறோம்” என்று ஒருவன் கேட்டால், கேட்டவனுக்கு இல்லையென்று சொல்லிப் பழகாத பரம்பரை நம்முடையது.

தூரத்திலிருந்து வந்து விழும் ஆபத்து எங்கள் ஊருக்குப் புதிதன்று. 1690ஆம் ஆண்டில், சென்னையில் கவர்னராயிருந்த எலிஹு யேல் என்னும் துரை, கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே இருந்த எங்கள் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக மராட்டியரிடமிருந்து கிரயத்துக்கு வாங்கினார். புனித டேவிட் கோட்டை என்று அதற்கு நாமகரணமும் ஆயிற்று. (பூட்டுக்குப் பேர்போன யேல் பின்னாளைய அமெரிக்கர், இவர் வேறு. ஆயினும் பூட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் பெயர் எப்படியோ குறுக்கிடத்தான் செய்கிறது.) அந்தக் கிரயத்தில் விசித்திரமான நிபந்தனை ஒன்று இருந்தது: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எதுவரை சென்று விழுகிறதோ அதுவரையுள்ள நிலமும் கம்பெனிக்கே சேரும். நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டுமா? எல்லைக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் எங்கள் பக்கத்தில் வழங்கிவருகிறது. அந்தப் பீரங்கிக்காவது ஓர் எல்லை இருந்தது. இன்றோ ஜார்க்கண்டிலுள்ள ஜாம்தாராவில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி மோசடிக்காரன் ஒருவன் போனில் விடும் குண்டு, மலையும் நதியும் தாண்டி எங்கள் கூடத்தில் வந்து விழுகிறது. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே பன்முறை முயன்றும் வசப்படாத அந்தக் கோட்டை, 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகையில் சரணடைந்தது. உள்ளே இருப்பவர் சம்மதித்துவிட்டால் மதிலின் கனத்தினால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பது அதனால் விளங்கும்.

இந்த நிலையில்தான், சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் என் சகோதரி மகன், விடுமுறைக்கு வந்தபோது, கறுப்புத் தகடு ஒன்றை என் கையில் வைத்தான். இரண்டு விரல்களுக்கிடையே அடங்கும் அளவு; நடுவில் பொன்னிறப் பொட்டு; தலைப்பில் கயிறு கோக்க ஒரு துளை.

“மாமா, இதுதான் இனிமேல் உங்க மெயிலுக்குச் சாவி.”

“பல்லே இல்லையேடா?” என்றேன்.

2007இல் ஸ்வீடன் தேசத்தில் தோன்றிய யூபிகோ என்னும் கம்பெனி இவ்வகைச் சாவிகளைப் பிரபலப்படுத்தியது என்றும், 2014இல் கூகுள் இதைத் தன் வாசலில் அங்கீகரித்தது என்றும், பிறகு தன் சிப்பந்திகள் எல்லோர்க்கும் கட்டாயமாக்கி, 85,000க்கு மேற்பட்ட அவர்களில் ஒருவர்கூட 2017 தொடக்கம் முதல், ஃபிஷிங் என்னும் தூண்டில் மோசடிக்கு இரையாகவில்லை என்று 2018இல் அறிவித்தது என்றும் அவன் வியாக்கியானம் செய்தான். மீன் பிடிக்கும் ஊரில் பிறந்தவனாகையால் தூண்டிலைப் பற்றி எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தூண்டிலைக் கடிக்காத மீன் எப்படி உண்டாயிற்று என்பதே என் வினா.

விடை எளிது. பதிவு செய்துகொள்ளும் வேளையில், இந்தத் தகடு ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே இரட்டைச் சாவிகளை உண்டாக்குகிறது. ஒன்றைத் தளத்திடம் பகிரங்கமாகக் கொடுத்துவிடும். மற்றொன்று தகட்டின் வயிற்றைவிட்டு ஒருபோதும் வெளிப்படாது. பகிரங்கமானதைத் திருடன் கவர்ந்து சென்றாலும் அவனுக்கு லாபமில்லை. தில்லையில் திரை விலக்கிக் காட்டும் ரகசியத்தை எல்லோரும் கண்டுதான் வருகிறார்கள், கண்டவர் எவரும் அதைக் கொண்டுபோனதில்லை. நாம் உள்ளே நுழையும்போதெல்லாம் தளம் புதியதொரு கேள்வியை அனுப்ப, தகடு அதன்மேல் தன் அந்தரங்கச் சாவியால் ஒப்பமிட்டுத் திருப்புகிறது. அங்ஙனம் ஒப்பமிடுமுன், கேட்கும் தளத்தின் விலாசம் பதிவான விலாசம்தானா என்பதும் சரிபார்க்கப்படுகிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஒப்பம் கிடைக்காது. வயோதிகக் கண்ணுக்கு அந்த எழுத்து புலப்படாமல் போகலாம். தகட்டுக்குத் தாட்சண்யம் கிடையாது. இவை எல்லாவற்றையும்விட விசேஷமான குணம் ஒன்று உண்டு: அதன் உள்ளிருப்பது எனக்கே தெரியாது. தெரியாததை எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் நான் எப்படிச் சொல்லமுடியும்?

கடலோர வாழ்க்கையின் உபத்திரவங்களை அறிந்தவர்களுக்கு இதில் மற்றொரு சௌகரியமும் புலப்படும். உப்புக் காற்று எங்கள் ஊரில் இரும்பைத் தின்றே ஜீவிக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து வரவழைத்த மாங்காய்ப் பூட்டாயினும், மழைக்காலம் கழிந்ததும் கோழியிறகைத் தேங்காயெண்ணெயில் தோய்த்துத் துவாரத்தில் விட்டுத் திருகி, மீண்டும் திருகி, அது மனமிரங்கும்வரை வாசலில் நின்றாக வேண்டும். இந்தத் தகட்டுக்குத் துவாரமும் இல்லை; இறகும் வேண்டாம்.

என் இல்லாளுக்குத் தோன்றிய சந்தேகமோ என் சகோதரி மகனுக்குத் தோன்றாதது. பொட்டின்மேல் நான் விரல் வைத்ததும் மெயிலின் கதவு திறந்ததைக் கண்டு, தானும் விரலை வைத்துப் பார்த்தாள், திறந்தது. பால் கொண்டுவந்த பையனை அழைத்து வைக்கச் சொன்னாள், அப்போதும் திறந்தது. “யார் தொட்டாலும் தெறக்குதே, இது என்ன சாவி?” என்றாள். தொட்டவர் இன்னார் என்று அந்தப் பொட்டு விசாரிப்பதில்லை, உயிருள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்பதை மட்டுமே அது நிச்சயித்துக்கொள்கிறது, ஆளை விசாரிக்கப் பின் நம்பர் தனியே வைத்துக்கொள்ளலாம் என்று சகோதரி மகன் சமாதானம் சொன்னான். “அப்போ சாவி எங்கிட்டதான் இருக்கணும்” என்று தீர்ப்பளித்து, அதைக் கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒன்று தொலைந்தால் உதவ மற்றொன்றையும் பதிவு செய்து வேறிடத்தில் வைப்பது இத்துறையின் சாஸ்திரம். இரண்டாவதை எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டபோது, “தேவைப்பட்டா எடுத்துத் தர்றேன்” என்ற பதில் கிடைத்தது. ஆகவே என் சொந்தக் கடிதங்களைப் படிக்க நான் மனுச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இத்தகைய பொருள் நம் தேசத்துக்கு அறவே புதிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்துக்கு அந்தஸ்து அளித்தபின், கம்பெனி டைரக்டர்களின் கையொப்பம் யு.எஸ்.பி. டோக்கனில் குடியேறிற்று. அது டைரக்டரிடமே இருக்கும் என்று சட்டம் நம்புகிறது. பல ஊர்களில் அதுவோ ஆடிட்டர் ஆபீஸ் டிராயரில், பின் நம்பர் எழுதிய ஸ்டிக்கரை முதுகில் சுமந்துகொண்டு, ரப்பர் பேண்டு போட்ட கட்டில் கிடக்கிறது. சாவியைக் கண்டுபிடித்தவர்கள் இடுப்பையும் சேர்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு குறை. பத்திரிகைகள் திருப்பியனுப்பிய என் கட்டுரைகளும், பேத்தியின் மொட்டையடித்த போட்டோக்களும் இந்த வஜ்ரக் காவலுக்குள் பத்திரமாக இருக்கின்றன. என் பென்ஷன் பணமோ இன்னமும் கைபேசிக்கு வரும் அந்த எண்ணின் தயவில் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு மதுரமான குரல் போனில் அழைத்து, மெயில் கணக்கு முடங்கப்போவதாகவும், வரும் நம்பரைச் சொன்னால் காப்பாற்றித் தருவதாகவும் கூறிற்று. இல்லாள் போனை வாங்கிக்கொண்டாள்.

“நம்பரெல்லாம் எங்க வீட்டுக்கு வர்றதில்ல தம்பி, சாவிதான். அது எங்கிட்ட இருக்கு. அவசரம்னா கடலூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி நேர்ல வந்துடு. எறா கொழம்பு வச்சிருக்கேன், சாப்ட்டுட்டுப் போவலாம்.”

அந்தப் பிள்ளை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லையே என்று அவளுக்கு இன்றுவரை மனத்தாங்கல்.